மருதை நடந்த இடம்

மருதையின் கால் பட்ட புல் பட்டுப்போகத் தொடங்கிய வருஷத்தில் கல்லேரி ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, ஒருவரும் நெஞ்சில் கை வைக்கவில்லை, சாமியாடிகூட ஆடவில்லை. துரைக்கண்ணு மட்டும் தன் வரப்பில் குனிந்து, பாத வடிவத்தில் பழுத்துக் கிடந்த கோரையை ஒரு கொத்துப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "கிழங்கோட போயிருக்கே, பரவால்லையே!" என்றார். அந்தப் 'பரவால்லையே'வை மருதை இன்றுவரை மறக்கவில்லை, மறக்கிற ஆளும் இல்லை அவன். ஊரில் யார் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை வேலிமுள்ளில் துணி மாட்டிக்கொள்வதுபோல மனசில் மாட்டி வைத்துக்கொள்கிறவன்.

பச்சைமலைக்குக் கிழக்கே, கரிசலும் செம்மண்ணும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கிடக்கிற அந்தப் பூமிக்கு மக்காச்சோளம் வந்தது, பருத்தி வந்தது, பின்னாலேயே களைக்கொல்லி வந்தது, அது வந்ததும் களைக்கொத்து பரணுக்குப் போனது, களைக்கொத்துப் பிடித்த பெண்களில் பாதிப்பேர் திருப்பூருக்கும் பாதிப்பேர் செங்கல் சூளைக்கும் போனார்கள், அவர்கள் சாயங்காலம் மடி நிறையக் கட்டிக்கொண்டு போன பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் பருப்புக்கீரையும் எங்கே போயின என்று கேட்க ஆளில்லாமல் போயின. மிச்சம் இருந்தது மருதையும் அவன் முதுகில் மருந்தடிக்கிற ஒரு டேங்க்கும்தான். துரைக்கண்ணின் காட்டுக்கு அடித்தான், துரைக்கண்ணின் தம்பி காட்டுக்கு அடித்தான், பஞ்சாயத்துக்காரர்களின் தென்னந்தோப்புக்கு அடித்தான், அடிக்கச் சொன்ன இடத்திலெல்லாம் அடித்தான். மருந்து இலையில் ஒட்ட வேண்டும் என்று சோப்புத்தூள் போட்டு, வேகம் பிடிக்க வேண்டும் என்று கல்லுப்பு போட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்கினான். கலங்கல் தண்ணீரில் கலந்தால் மண் மருந்தைப் பிடித்துக்கொண்டு அதைச் செத்த தண்ணீராக்கிவிடும் என்று தெளிந்த தண்ணீருக்காகக் கிணற்றுப் படியில் இறங்கி ஏறினான். டேங்க்கின் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. ஒழுகிய மருந்து முதுகுத்தண்டில் இறங்கி, கோவணத்தை நனைத்து, தொடை வழியாகக் குதிகாலுக்கு வந்து, வருஷக்கணக்காக அவனுக்குள் போய்க்கொண்டிருந்தது. வாஷர் மாற்றச் சொல்லி அவன் துரைக்கண்ணிடம் கேட்காத பருவம் இல்லை. "மாத்திடலாம் மருதை" என்று அவர் சொல்லாத பருவமும் இல்லை.

மருந்துக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டு, எல்லோருக்கும் தொப்பி கொடுத்துக் கூட்டம் நடத்தினார் ஒரு தடவை.

"இது செடியை வெட்டாது, எரிக்காது" என்றார் அதிகாரி. "இலை வழியா உள்ள போகும், தண்டு வழியா இறங்கும், வேரு நுனியில போய் உட்காரும். செடி தன் உடம்புக்கு வேண்டிய சத்தைத் தானே சமைச்சுக்குது இல்லையா? அந்த அடுப்பை இது அணைச்சிடும். அப்புறம் செடி நின்ன இடத்துலயே பட்டினி கிடந்து சாகும். ஒரு வாரம், பத்து நாள். மனுஷனுக்கு உள்ள அந்த அடுப்பே கிடையாது. நாம வெளியில இருந்து சாப்பிடறோம். அதனால நமக்கு ஒண்ணும் பண்ணாது."

மருதையின் பெண்டாட்டி பூவாயி பின்வரிசையிலிருந்து எழுந்தாள். ஊரில் கடைசியாகக் களைக்கொத்தைக் கீழே வைத்தவள் அவள்தான். "அப்ப நீங்க மட்டும் ஏன் சார் கைக்கு உறை மாட்டிக்கிட்டுக் கலக்கறீங்க?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "அது கம்பெனி ரூல்மா."

"எம் புருஷனுக்கு அந்த ரூலு கெடையாதா?"

அதற்குள் பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டது. கேள்வி அங்கேயே கிடந்தது.

கால் விஷயம் வெளியே வந்தது ஒரு புரட்டாசியில். மருந்து எப்படி மெதுவாகக் கொல்லுமோ அப்படியே அவன் காலும் மெதுவாகக் கொன்றது. நடந்த அன்றைக்குப் புல் பச்சையாகத்தான் இருக்கும், ஒரு வாரம் கழித்து மஞ்சளாகும், அப்புறம் வைக்கோலாகும். அதனால் போன வாரம் மருதை எங்கெங்கே போனான் என்பது ஊருக்கே தெரிந்தது. வீட்டு வாசலிலிருந்து அறுகம்புல்லில் புறப்பட்ட பாதங்கள் நேராகப் போய், ஓடையைத் தாண்டி, ஒயின்ஷாப் வாசலில் நின்றன. திரும்பி வருகிற பாதங்கள் மட்டும் நேராக வரவில்லை.

"எங்கயும் போவலைன்னியே?" என்றாள் பூவாயி. "பாரு, புல்லு சாட்சி சொல்லுது."

டீக்கடை கலியன் அதை வைத்து ஒரு மாதம் பிழைத்தான். "மாமோவ், போன செவ்வாக்கிழம ரெண்டு தடவ போயிருக்கியாமே" என்பான். மருதை டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு எழுந்துபோவான். அடுத்த வாரம் டீக்கடை வாசலிலும் அந்தக் கோபத்தின் தடம் அழுத்தமாகப் பழுத்திருக்கும்.

செருப்புப் போட்டுப் பார்த்தான். செருப்பும் அதையே செய்தது. மண் மருந்தைக் கொல்லும் என்று தெரியுமாகையால் பூவாயி ஏரிக்களிமண்ணைக் குழைத்து முழங்கால்வரை பூசிவிட்டாள். மண் ஈரமாக இருந்தவரை புல் பிழைத்தது, காய்ந்து உதிர்ந்ததும் பழைய கதை. பெரியாஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "காலு நல்லாத்தான இருக்கு? புல்லுக்கு நோவுன்னா அக்ரி ஆபீசுக்குப் போங்க" என்றார். அங்கே போனான். "மனுஷக் காலு எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்களே" என்று அங்கே உட்கார்ந்திருந்தவர் உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னார்.

ஊர் வருத்தப்படவில்லை. ஊர் வேலை வாங்கியது. டேங்க் வேண்டாம், மருந்து வேண்டாம், தண்ணீர் சுமக்க வேண்டாம், மருதை ஒருத்தன் போதும். சோளத்துக்கு நடுவில் சாலில் நடக்கவிட்டார்கள், பருத்திக்கு நடுவில் நடக்கவிட்டார்கள், "அடிமேல அடி வெச்சு நட, ஒரு புல்லு விடாம மிதி" என்று வரப்பில் நின்று கைகாட்டினார்கள். துரைக்கண்ணுக்கு அவன் கால் ரொம்பப் பிடித்துப்போனது. "மருந்தாவது காத்துல பறந்து பயிருல பட்டுத் தொலையும்" என்று அவர் பக்கத்து ஊர்க்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார், "இவன் காலு பறக்காதே." சும்மா நடப்பதற்கு ஸ்பிரே கூலி எதற்கு என்று கூலியைக் குறைத்தவரும் அவர்தான். பஞ்சாயத்து அவனைப் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடக்கவிட்டது, சுடுகாட்டுப் பாதையில் நடக்கவிட்டது, தலைவர் வருகிறார் என்று ரோட்டோரம் முழுக்க நடக்கவிட்டது.

ஆனால் மாரியம்மனுக்கு முளைப்பாரி போட்ட வீடுகளின் தெருவில் அவன் வரக்கூடாது என்று கயிறு கட்டினார்கள். கல்யாண வீட்டு வாசலுக்கு அவன் வருவதற்கு முன்னாலேயே ஆள் ஓடிவந்தது. "கோச்சுக்காதீங்க மாமா, பந்தல் வாழ வாடிருச்சுன்னா சம்பந்தி வீட்டுல ஒரு மாதிரி நெனப்பாங்க, சாப்பாட்ட வீட்டுக்கு அனுப்பறோம்." அனுப்பினார்கள். பாயசம் இல்லாமல் அனுப்பினார்கள். அதையும் அவன் மாட்டி வைத்துக்கொண்டான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பான். பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. துரைக்கண்ணின் மக்காச்சோளக் காட்டுக்கு நட்டநடுவில், வேட்டியில் போட்ட ஒட்டுப்போல, மருதைக்கு அரை ஏக்கர் இருந்தது. அவன் அப்பன் கல்லைப் பொறுக்கி வெளியே போட்டுப் போட்டு மண்ணாக்கிய அரை ஏக்கர். கிழவனிடம் துரைக்கண்ணின் அப்பா கேட்டுப் பார்த்தார், மருதையிடம் துரைக்கண்ணு கேட்டுப் பார்த்தார், கொடுக்கவில்லை. அதில் பூவாயி சின்ன வெங்காயம் போட்டிருந்தாள். அந்த நிலத்துக்குள் மருதையால் போக முடியவில்லை. களிமண் பூசிக்கொண்டு ஒருதடவை போனான். பாத்தி நடுவில் மண் உதிர்ந்தது. அடுத்த வாரம் ஒரு வரிசை வெங்காயம் தலை சாய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவன் துரைக்கண்ணின் காட்டுக்கு நடுவே நிலத்துக்கு வருகிற மண்வழியின் முனையில், வெளியே, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, "அங்க தண்ணி தேங்குது பாரு", "அந்த மடைய அடை", "காதுல விழுதா இல்லியா" என்று கத்துவான். அவள் காதில் விழுந்தது, ஊர்க்காரர்கள் காதிலும் விழுந்தது. தன் காட்டுக்கு விருந்தாளி மாதிரி வெளியே நின்று கத்துகிறான் பார் என்று சிரித்தார்கள். ஊர்க்காடெல்லாம் நடந்து தீர்த்த காலுக்குத் தன் காடு இல்லை. இந்த ஒன்றுதான் அவனுக்குள் இரவும் பகலும் கொதித்தது. அடுப்பே கிடையாது என்றானே, அந்த அதிகாரியை இங்கே கூட்டிவந்து இந்தக் கல்லில் உட்காரவைக்க வேண்டும் என்று நினைப்பான்.

தை பிறந்ததும் துரைக்கண்ணு வந்தார். தனியாக வரவில்லை, பஞ்சாயத்துக்காரர்கள் இரண்டு பேரையும், டேப் பிடிக்க ஒரு ஆளையும், வேடிக்கை பார்க்கக் கலியனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பூவாயி உள்ளே பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மருதை கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"மருதை, கோவப்படாம கேளு" என்றார் துரைக்கண்ணு. அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "நிலம்னா என்ன? நின்னாத்தான் நிலம். உன்னால நிக்க முடியல. நிக்க முடியாத நிலத்த வெச்சிக்கிட்டு நீ என்ன பண்ணப்போற? எனக்கு நடுவுல இது இருந்தா டிராக்டர் திரும்ப முடியல. நான் நியாயமான வெலையே தரேன்."

"அய்யா சொல்றதுல தப்பில்லையே" என்றார் பஞ்சாயத்துக்காரர்.

"தப்பில்லதான்" என்றார் இன்னொருவர்.

"பேசாம குடுத்துட்டுப் போ மாமா" என்றான் கலியன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் மருதைக்கு அதிகமாக வலித்தது.

"யாரு வேலைக்குப் போயி இந்தக் காலு இப்படி ஆச்சு?" என்றான் மருதை. "யாரு டேங்க்கு ஒழுகிச்சு? எத்தன தடவ வாஷர் மாத்தச் சொன்னேன்? மாத்தாம விட்டது நீங்க. ஒழுகினத முதுகுல வாங்கினது நானு. இப்ப அந்தக் காலக் காட்டி எங் காட்டக் கேக்கறீங்க!"

"பழச எதுக்கு மருதை எடுக்கற?" என்றார் துரைக்கண்ணு. "நடந்தது நடந்துபோச்சு. இப்ப இருக்கற நெலமயப் பேசுவோம். நீ உள்ள காலு வெக்க முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

டேப் பிடிக்கிறவன் டேப்பை இழுக்க ஆரம்பித்தான். அந்தச் சரசரப்பு பூவாயியின் காதில் விழுந்தது. அவள் எழுந்தாள். முழங்காலில் மண்ணைத் தட்டினாள். முழங்கால் உயரம் வளராத, ஆனால் நன்றாகத் திரண்டு, கருநீலப் பச்சையாக நின்ற வெங்காயத்தை ஒருதடவை முழுக்கப் பார்த்தாள். அவள் ஒருத்தி போட்டது, ஒருத்தி தண்ணீர் கட்டியது, ஒருத்தி காத்தது.

"யோவ்" என்றாள். "உள்ள வா."

மருதை அசையவில்லை.

"உன்னத்தான்யா கூப்பிடறேன். உள்ள வா. வந்து நில்லு."

"வெங்காயம்டி..."

"வெங்காயம் போனா போவுது. நான் போட்டது, நான் சொல்றேன், வாய்யா உள்ள!"

மருதை கல்லைவிட்டு எழுந்தான். வரப்பைத் தாண்டி முதல் காலை வைத்தான். தண்ணீர் பாய்ச்சி இரண்டு நாளான மண், மேலே காய்ந்து உள்ளே குளிர்ந்திருந்தது, கால் அமிழ்ந்தது, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மண் ஏறியது. அவன் நடந்தான். ஒரு பாத்தி விடாமல் நடந்தான். மூலைக்கு மூலை நடந்தான், குறுக்கே நடந்தான், வெங்காயத் தாள் காலடியில் நறுக் நறுக்கென்று முறிந்தது, வாசனை கண்ணைக் கரித்தது. வரப்பில் நின்ற பெரிய மனிதர்களுக்கும் கரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

அடுத்த வாரம் அரை ஏக்கரும் வைக்கோலானது. மருதை வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே ஒரு கீற்றுச் சாய்ப்புப் போட்டுக்கொண்டான். பூவாயி சட்டியையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே இனிச் சாக ஒன்றும் இல்லாததால் அவன் இஷ்டம்போல நடந்தான், படுத்தான், புரண்டான். யாரும் கையை நீட்டி அங்கே மிதி, இங்கே மிதிக்காதே என்று சொல்லாத ஒரே இடம் அது. துரைக்கண்ணு தன் சாலில் நடக்க ஆள்விட்டபோது வரமாட்டேன் என்றான். யார் சாலுக்கும் வரமாட்டேன் என்றான்.

மாசியில் பிச்சமுத்து என்று ஒருத்தன் வந்தான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். மண்வழியின் முனையில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டான்.

"என்னா வேணும்?" என்றாள் பூவாயி.

"இங்க நடக்கலாம்னு சொன்னாங்க" என்றான். அவன் வந்த வழியைக் கையால் காட்டினான். "எனக்கும் காலு..."

பூவாயி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் தன் மகள் வீட்டு வாசலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம், முருங்கைக்கன்று வைத்திருக்கிறாளாம். ஊரில் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்.

பிறகு கரும்புக்கு அடித்தவன் ஒருத்தன் வந்தான், தேயிலைக்கு மலைமேல் அடித்தவன் வந்தான், ரயில் பாதையோரம் அடித்தவன் வந்தான், டேங்க் தூக்கிய பெண்கள் வந்தார்கள், எல்லோரிடமும் கேட்டால் எல்லோருடைய வாஷரும் தேய்ந்திருந்தது, எல்லோருடைய முதலாளியும் மாத்திடலாம் என்று சொல்லியிருந்தார், ஊருக்கு ஊர் ஒருத்தர் என்று ஒளிந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த மொட்டை நிலத்தில் கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது. அவர்கள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் துரைக்கண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் அவர்களையும் கூலிக்குக் கேட்டார். "இத்தன காலும் சும்மா கெடக்கே மருதை, வீணாப் போவுதே" என்றார் நிஜமான ஆதங்கத்தோடு. எல்லோரும் காலை இன்னும் நன்றாக நீட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் யாரும் செய்யாத காரியம். அரை ஏக்கருக்குப் போகிற மண்வழி அவர் பட்டாவில் வருகிறது என்று சொல்லி, டிராக்டரை விட்டு அதை உழுது, மக்காச்சோளம் ஊன்றிவிட்டார். கிணற்றுத் தண்ணீரைத் திருப்பிப் பாய்ச்சினார். வழி இருந்த இடத்தில் சோளம் முளைத்தது, முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது, ஆள் உயரம் வந்தது, சுற்றியிருந்த காட்டோடு சேர்ந்து ஒரே பச்சைச் சுவராக நின்றது. சின்னப் பயிராக இருந்தவரை சாலில் ஒதுங்கிப் போய்வந்தவர்களுக்கு, தட்டையும் தோகையும் பின்னிக்கொண்ட பிறகு பயிரை முறிக்காமல் வெளியே வர வழியில்லை. பயிரை மிதிக்க எந்தக் குடியானவனுக்கும் கால் வராது, அதுவும் கூலிக்குக் காடு காத்த இவர்களுக்கு வராது, ஒருநாள் கும்பிட்டு வழி கேட்பார்கள், அன்றைக்குப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் யாரும் எழவில்லை. பூவாயியின் பானையில் அரிசி தீர்ந்தது. பிச்சமுத்து, "பயிராச்சே" என்று தலையைக் குனிந்துகொண்டான். "பயிர மிதிச்சா நாம மனுஷனா?"

"வழிய உழுதவன் மனுஷனாடா?" என்றாள் பூவாயி.

காலையில் துரைக்கண்ணு வரப்பின் அந்தப் பக்கம் குடையோடு வந்து நின்றார். "என்ன மருதை, பேசலாமா?" என்று சோளத்துக்கு மேலே குரல் கொடுத்தார்.

"வழி விடுய்யா" என்றான் மருதை. முதல்தடவையாக 'அய்யா' அவன் வாயில் 'ய்யா' என்று குட்டையாகிவிட்டது.

"எந்த வழி? இங்க ஏது வழி?"

மருதை எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். பச்சைச் சுவரின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். நல்ல சோளம், குற்றம் சொல்ல முடியாத சோளம், பால் பிடிக்கப் போகிற சோளம், அவன் நடந்து நடந்து களை இல்லாமல் வைத்திருந்த மண்ணில் நின்ற சோளம். அதற்குள் நுழைந்தான். பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள். முதல் தட்டைகள் படபடவென்று சாய்கிற சத்தம் கேட்டதுமே துரைக்கண்ணின் கையிலிருந்து குடை விழுந்தது.

"டேய்! சரி, போங்கடா, போய்த் தொலைங்க!" என்று கத்தினார். "ஒருத்தன் பின்னால ஒருத்தனாப் போங்க! ஒரே தடத்துல போங்கடா! அய்யோ, ஒரே தடத்துல! மருதை, உன்னக் கும்பிடறேன், வரிசையாப் போகச் சொல்லு!"

மருதைக்கு அது காதில் விழுந்தது. அவன் நின்று, திரும்பி, தன் தடத்தில் காலை வைக்கப்போன பிச்சமுத்துவின் தோளைப் பிடித்துப் பக்கத்துச் சாலுக்குத் தள்ளினான்.

"அங்க போ" என்றான். "ஒன் வழிய நீ போடு."